நம்ம ஊர் பெண்கள் இல்லங்களுக்கு உருப்படியா உதவுறது எப்படி

பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவோட திதி வந்தா பக்கத்துல இருக்குற ஹோமுக்கு ஒரு வேளை சாப்பாடு போடுறது நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்குற பழக்கம், நல்ல பழக்கம்தான், அதை விடச் சொல்லி இதை எழுதல. ஆனா பொம்பளப் பிள்ளைங்க ஹோம், பெண்கள் காப்பகம், வீட்டுல அடிவாங்கி வெளிய வந்தவங்களுக்கு கேஸ் நடத்திக் குடுக்குற சின்ன ட்ரஸ்ட், இந்த மாதிரி இடத்துல வரவு செலவு நோட்டைப் புரட்டுனா ஒண்ணு தெரியும், சாப்பாட்டுக்கு ஆள் கெடைச்சிருது, மத்ததுக்கு கெடைக்கல. தீபாவளி, பொங்கல், ஜனவரி ஒண்ணாம் தேதி எல்லாம் ஒரே மத்தியானத்துக்கு நாலு குடும்பம் பிரியாணியோட வந்து நிக்கும், அதே ஹோம்ல ஜூன் மாசம் ஸ்கூல் திறக்குறப்போ பை, ஷூ, நோட்டு, வேன் ஃபீஸ்னு செலவு ஒரே வாரத்துல வந்து குவியும்போது போன் அடிச்சாலும் எடுக்க ஆள் இருக்காது. வார்டன் சம்பளம், நைட் வாட்ச்மேன் சம்பளம், கரண்ட் பில், தண்ணி லாரி, இதுக்கெல்லாம் காசு குடுக்கலாம்னு பெரும்பாலானவங்களுக்கு தோணுறதே இல்ல.

நான் மதுரைப் பக்கம் ஒரு ஹோம்ல கணக்கு எழுத உதவி பண்றேன், அங்க பாத்ததையும் மத்த ட்ரஸ்ட்காரங்க சொல்றதையும் வச்சுத்தான் இதை எழுதுறேன். உதவணும்னு மனசு இருக்கு, எங்க குடுக்குறது, எப்படி குடுக்குறது, ஏமாந்துருவோமோன்னு யோசிக்கிறவங்களுக்காக.

எந்த மாதிரி இடம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

பெண்களுக்கான உதவின்னு சொன்னா எல்லாரும் அநாதைப் பிள்ளைங்க ஹோமைத்தான் நினைக்கிறோம். தேவை அதை விட ரொம்ப விரிஞ்சு கெடக்கு. அடையார்ல இருக்குற அவ்வை இல்லம் எப்படி ஆரம்பிச்சதுன்னு பாருங்க, 1930-களோட தொடக்கத்துல தேவதாசி குடும்பத்துப் பொண்ணுங்களை எந்த ஹாஸ்டலும் சேர்த்துக்காதப்போ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டுலயே தங்க வச்சு தொடங்குனது அது. சென்னையில 'தி பேன்யன்' 1993-ல ஆரம்பிச்சது, மனநலம் பாதிச்சு தெருவுல நின்ன பெண்களுக்காக. பிசிவிசின்னு ஒரு அமைப்பு 2001-ல இருந்து சென்னையில குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களோட வேலை பாக்குது, தீக்காயம் பட்ட பெண்களுக்கு வார்டுல இருந்து வீடு திரும்பி வாழ்க்கையை நடத்துற வரைக்கும் கூட நிக்கிறாங்க. ஒவ்வொண்ணும் வேற வேற ஆளுங்களுக்கு, வேற வேற செலவு. தீக்காய வார்டுல இருக்குறவங்களுக்கு பிரியாணி எதுக்கு, அவங்களுக்கு காயம் ஆறுனப்புறம் தழும்பு தடிக்காம இருக்க இறுக்கமா போடுற பிரஷர் கார்மென்ட் வேணும், பிசியோதெரபி வேணும், மாசக்கணக்குல வேணும்.

இவங்க எல்லாம் பேர் தெரிஞ்ச இடங்கள், அவங்களுக்கும் குடுங்க. ஆனா திண்டுக்கல், தேனி, தர்மபுரி, ராமநாதபுரம் மாதிரி மாவட்டத்துல இருக்குற சின்ன ட்ரஸ்டுக்கு வெப்சைட்டே ஒழுங்கா இருக்காது, கூகுள்ல தேடுனா வராது. அவங்களைக் கண்டுபிடிக்க நேரா வழி இருக்கு. கலெக்டர் ஆபீஸ் போனா மாவட்ட சமூக நல அலுவலர்னு ஒருத்தர் இருப்பாங்க, பெண்கள் சம்பந்தப்பட்ட ஹோம் எல்லாம் அவங்களுக்குத் தெரியும். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க ஹோம்னா மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேளுங்க, பதிவு பண்ண ஹோம் லிஸ்ட் அவங்ககிட்ட இருக்கும். இன்னொரு வழி, அரசு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர், அரசு பெண்கள் ஸ்கூல் எச்எம், மகளிர் காவல் நிலையம், இவங்ககிட்ட "ஒரு பொண்ணு போக இடம் இல்லாம நின்னா நீங்க யாருக்கு போன் பண்ணுவீங்க"ன்னு கேளுங்க. ராத்திரி பதினொரு மணிக்கு போன் எடுக்குற ட்ரஸ்ட் எதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், நான் நம்புறது அந்தப் பதிலைத்தான்.

பணம் அனுப்புறதுக்கு முன்னாடி

வாட்ஸ்அப்ல ஒரு பிள்ளை போட்டோ, கீழ ஒரு ஜிபே நம்பர், "பத்து குரூப்புக்கு ஷேர் பண்ணுங்க". இதுக்கு ஒரு ரூபா கூட போடாதீங்க. நல்ல ட்ரஸ்டா இருந்தா பேங்க் அக்கவுன்ட் ட்ரஸ்ட் பேர்லயே இருக்கும், ஸ்கேன் பண்ணா ட்ரஸ்ட் பேர் காட்டும், தனி ஆள் பேர் வந்தா நிறுத்திட்டு கேளுங்க. நிதி ஆயோக்கோட தர்பன் போர்ட்டல்ல தேடிப் பாருங்க, பதிவு பண்ண அமைப்புகள் மாவட்ட வாரியா வரும். ஆனா தர்பன்ல பேர் இருக்குறதால மட்டும் நல்ல இடம்னு அர்த்தம் இல்ல, அது ஒரு பதிவு, அவ்ளோதான்.

பிள்ளைங்க தங்குற ஹோமா இருந்தா ஒரு கேள்வி கட்டாயம் கேக்கணும், 2015-ல வந்த இளஞ்சிறார் நீதிச் சட்டத்துல பதிவு இருக்கான்னு. அந்தப் பதிவை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், சர்டிஃபிகேட்ல தேதி இருக்கும், பாருங்க. பெண்கள் தங்குற ஹாஸ்டல், ஹோம்களுக்கு தமிழ்நாட்டுல 2014-ல தனிச் சட்டமே இருக்கு, அதுபடி லைசென்ஸ் வேணும். இதைக் கேக்குறது சந்தேகப்படுற மாதிரி ஆயிடுமோன்னு நிறைய பேர் தயங்குறாங்க, தயங்கவே வேண்டாம், ஒழுங்கா நடத்துறவங்க ஃப்ரேம் போட்டு ஆபீஸ் சுவத்துலயே மாட்டி வச்சிருப்பாங்க, நீங்க கேட்டா சந்தோஷமாக் காட்டுவாங்க. ஒவ்வொரு பொண்ணும் குழந்தைகள் நலக் குழு (பாதுகாப்பு தேவைப்படுற பிள்ளை எங்க தங்கணும்னு முடிவு பண்ற மாவட்டக் குழு) ஆர்டரோட உள்ள வந்தாளா இல்ல யாரோ ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போனாங்களா, இதுதான் உண்மையான வித்தியாசம். யார் பிள்ளைன்னு பேப்பர்ல இல்லாத பிள்ளை காணாமப் போனா தேடுறதுக்கு யாரும் இல்ல.

போன வருஷ ஆடிட் ரிப்போர்ட் கேளுங்க. படிக்கத் தெரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. சம்பளத்துக்கு நிறைய செலவாகுதேன்னு மட்டும் பாத்துட்டு ஒதுக்கிராதீங்க, இந்த வேலையே ஆளுங்களை வச்சுத்தான் நடக்குது. அடிபட்டு வந்த ஒரு அம்மாகிட்ட உக்காந்து பேசுற கவுன்சிலர், கோர்ட்டுக்கு கூடப் போற கேஸ் வொர்க்கர், ராத்திரி முழிச்சிருக்குற வார்டன், இவங்க சம்பளம்தான் அங்க சேவை. சம்பளமே இல்லாம நடத்துறோம்னு ஒரு ஹோம் பெருமையா சொன்னா எனக்கு பயமா இருக்கும், அப்போ அந்தப் பிள்ளைங்களை பாத்துக்குறது யாரு?

பணத்தை எப்படி குடுக்குறது

என்னைக் கேட்டா ஒரே பதில், மாசாமாசம். வருஷத்துக்கு ஒரு தடவை பன்னெண்டாயிரம் குடுக்குறதை விட மாசம் ஆயிரம்னு பேங்க்ல ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டு விடுறது அவங்களுக்கு பத்து மடங்கு உபயோகம், ஏன்னா அடுத்த மாசம் எவ்ளோ வரும்னு தெரிஞ்சாத்தான் ஒரு கவுன்சிலரை தைரியமா வேலைக்கு வைக்க முடியும். ஐநூறா இருந்தாலும் பரவால்ல, இருநூறா இருந்தாலும் பரவால்ல, நிக்காம வரணும். அப்புறம் "இது இன்னதுக்குத்தான்"னு கட்டிப் போடாதீங்க. படிப்புக்கு மட்டும்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா மோட்டார் எரிஞ்சு போன மாசம் அந்தப் பணம் பேங்க்ல சும்மா கெடக்கும், நாப்பது பிள்ளைங்க குளிக்கத் தண்ணி இல்லாம நிக்கும். எங்க வேணுமோ அங்க செலவு பண்ணுங்க, வருஷக் கடைசில கணக்கு மட்டும் அனுப்புங்கன்னு சொல்லுங்க.

ரசீது வாங்குங்க, பேன் நம்பர் குடுங்க. 80ஜி கழிவு, அதாவது டொனேஷனுக்கு வருமான வரியில கெடைக்குற சலுகை, பழைய வரி முறையில இருக்குறவங்களுக்கு மட்டும்தான், புது முறைக்கு மாறிட்டீங்கன்னா கெடையாது. ரொக்கமா ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்தா பழைய முறையிலயும் கழிவு கெடைக்காது, அதனால செக்கோ ஆன்லைனோ போங்க. வெறும் ரசீதை வச்சு கிளைம் பண்ணாதீங்க, ட்ரஸ்ட் வருமான வரித்துறையில தாக்கல் பண்ணி எடுத்துக் குடுக்குற சர்டிஃபிகேட் வேணும், இத்தனை நாளா ஃபார்ம் 10பிஇ-ன்னு சொல்லிட்டு வர்றது அதைத்தான். க்ரவுட்ஃபண்டிங் சைட் வழியா குடுத்தா டிப்னு ஒரு தொகை தானா சேர்ந்து நிக்கும், அது சைட்காரங்களுக்குப் போறது, பாத்து மாத்திக்கோங்க.

நீங்க வேலை பாக்குறது பெரிய கம்பெனியா இருந்தா எச்ஆர்ல ஒரு வார்த்தை கேளுங்க. 2013 கம்பெனி சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்குற கம்பெனிங்க மூணு வருஷ சராசரி லாபத்துல ரெண்டு சதவீதம் சிஎஸ்ஆருக்கு, அதாவது சமூகப் பணிக்கு, ஒதுக்கணும், பெண்களுக்கான இல்லம், ஹாஸ்டல் அமைக்கிறது அந்தச் சட்டத்தோட பட்டியல்லயே இருக்கு. சின்ன ட்ரஸ்ட்காரங்களுக்கு கம்பெனி வாசல்ல நுழைய வழி தெரியாது, நீங்க ஒரு மெயில் போட்டு அறிமுகம் பண்ணி வச்சாலே போதும். அந்த ட்ரஸ்ட் சிஎஸ்ஆர் பணம் வாங்குறதுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு வச்சிருக்கணும், அதை மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

பொருளா குடுக்குறதுன்னா

போன் பண்ணி கேட்டுட்டு குடுங்க. இது ஒண்ணை செஞ்சாலே பாதிப் பிரச்சனை தீரும். பழைய சேலை, சுருங்கிப் போன சுடிதார், ஜிப் போன பை, இதெல்லாம் மூட்டை மூட்டையா வந்து ஸ்டோர் ரூமை அடைச்சிட்டு கெடக்கும், அதைப் பிரிச்சு எடுக்க ஒரு ஆள் ஒரு நாள் பூரா உக்காரணும். ஒரு வயசுக்கு வந்த பொண்ணுக்கு முன்ன பின்ன தெரியாதவங்க போட்டுக் கழிச்ச துணியைக் குடுக்குறது அவளுக்கு எப்படி இருக்கும்னும் கொஞ்சம் யோசிங்க.

யாருமே குடுக்காதது எதுன்னா உள்ளாடை. கேக்க அவங்களுக்கும் கூச்சம், குடுக்க நமக்கும் கூச்சம். பன்னெண்டு வயசுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்க இருக்குற இடத்துல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அளவு மாறும், நல்ல காட்டன்ல புதுசா வேணும், வார்டன்கிட்ட சைஸ் லிஸ்ட் வாங்கி ஒரு செட்டுக்கு ரெண்டு செட்டா வாங்கிக் குடுங்க, இல்ல பக்கத்து ஜவுளிக் கடையில பணத்தைக் கட்டிட்டு பிள்ளைங்களே போய் எடுத்துக்கற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, அது இன்னும் நல்லது. அப்புறம் நைட்டி, துண்டு, பேன் மருந்து, சீப்பு, தலை ரப்பர், தேங்காய் எண்ணெய். சின்னதா தெரியும், மாசச் செலவுல இதெல்லாம் சேர்ந்து பெரிய தொகை.

நாப்கின் பத்தி தனியா சொல்லணும். 2018 ஜூலையில ஜிஎஸ்டி எடுத்துட்டாங்க, அரசு ஸ்கூல்லயும் இலவசமா குடுக்குறாங்க, இருந்தாலும் ஹோம்ல பத்தாது. ஒரே நாள்ல ஒரு லாரி கொண்டுவந்து எறக்காதீங்க, வைக்க இடம் இருக்காது, ஈரம் பட்டா வீணாப் போகும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளவு கேட்டு குடுங்க. பயன்படுத்துனதை எங்க போடுறாங்கன்னும் கேளுங்க, எரிக்கிற மெஷின் ரிப்பேராகி மாசக்கணக்குல கெடக்குற ஹோம் நிறைய இருக்கு, அதை சரி பண்ண மெக்கானிக் செலவு குடுத்தா அது பெரிய உதவி. துணி நாப்கின் குடுக்கணும்னு ஆசைப்படுறவங்க, ஆரோவில் பக்கம் ஈகோ ஃபெம் மாதிரி நல்லாவே தைக்கிறாங்க, ஆனா அந்த ஹோம்ல துவைக்க போதுமான தண்ணியும், கூச்சம் இல்லாம வெயில்ல காயப்போட மறைவா ஒரு மாடியும் இருக்கான்னு பாத்துட்டு குடுங்க, இல்லன்னா ஈரத்தோட மறுபடி எடுத்து வைக்க வேண்டி வரும், அது உடம்புக்கு ஆகாது. கோயம்புத்தூர் முருகானந்தம் கண்டுபிடிச்ச சின்ன மெஷினை வச்சு நாப்கின் பண்ற மகளிர் சுய உதவிக் குழு உங்க பக்கம் இருந்தா அவங்ககிட்டயே வாங்கி ஹோமுக்குக் குடுங்க, ஒரே பணம் ரெண்டு இடத்துல பெண்களுக்குப் போகும். குழுன்னதும் ஞாபகம் வருது, 1989-ல தர்மபுரியில தொடங்குன இந்தக் குழுக்கள்தான் இன்னைக்கு தமிழ்நாடு முழுக்க இருக்கு, 'மதி'ங்கிற பேர்ல அவங்க பொருள் விக்கிது, ஆபீஸ் தீபாவளி கிஃப்ட் எல்லாம் அங்க ஆர்டர் குடுக்கலாம்.

போட்டோ வேண்டாம், நேர்ல போறதா இருந்தா சொல்லிட்டு போங்க

இதை கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், ஏன்னா இங்கதான் நல்ல மனசு உள்ளவங்களே தப்பு பண்றாங்க. கேக் வெட்டி, பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு, பொட்டலத்தைக் கையில குடுக்குற மாதிரி போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடுறது. அந்தப் பொண்ணு அங்க எதனால வந்திருக்கான்னு உங்களுக்குத் தெரியாது. அப்பாவே காரணமா இருக்கலாம், கோர்ட்டுல கேஸ் நடந்துட்டு இருக்கலாம், குழந்தைக் கல்யாணத்துல இருந்து தப்பிச்சு வந்திருக்கலாம், அவளை ஊர் ஊரா தேடிட்டு இருக்குறவங்க கண்ணுல உங்க போட்டோ பட்டா என்ன ஆகும்? சட்டமும் இதுல தெளிவா இருக்கு, ஹோம்ல இருக்குற பிள்ளையோட அடையாளத்தை வெளிய விட்டா இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம். முகத்துல ஸ்மைலி ஒட்டிப் போட்டா சரின்னு நினைக்காதீங்க, யூனிஃபார்ம், கேட்ல இருக்குற போர்டு, பக்கத்துக் கடை, எது வேணா இடத்தைக் காட்டிக் குடுக்கும். ஹோம் ஆளுங்களே போட்டோ எடுத்துக்கோங்கன்னு சொன்னாலும் நீங்க வேண்டாம்னு சொல்லுங்க.

குடும்ப வன்முறையில இருந்து வந்தவங்க தங்குற இடம்னா விலாசமே வெளிய சொல்ல மாட்டாங்க. நேர்ல வந்து பாத்தாத்தான் குடுப்பேன்னு அடம் பிடிக்காதீங்க, ஆபீஸ்ல சந்திங்க, கணக்கைப் பாருங்க, அது போதும்.

போனாலும் "அம்மா அப்பா எங்க, எப்படி இங்க வந்த"ன்னு கேக்காதீங்க. பாட்டு பாடச் சொல்லி, ஆடச் சொல்லி, நன்றி சொல்லச் சொல்லி நிக்க வைக்காதீங்க. பரீட்சை நேரத்துல போகாதீங்க. நீங்க குடுக்குற சாப்பாட்டுக்கு அவ சிரிச்சுக் காட்டணும்னு எந்தக் கணக்கும் இல்ல, ஒரு பதினஞ்சு வயசுப் பொண்ணு மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருந்தா உங்க வீட்டுப் பொண்ணு மாதிரி அவளும் அன்னைக்கு அப்படித்தான்னு விட்டுடுங்க.

பணம் இல்ல, நேரம்தான் இருக்குன்னா

நேரம் குடுக்குறது நல்லது, ஆனா ரெண்டு வாரம் வந்துட்டு காணாமப் போறது பிள்ளைங்களுக்கு வலிக்கும், ஏற்கனவே விட்டுட்டுப் போனவங்களைப் பாத்தவங்க அவங்க. ஒரு கல்வியாண்டு முழுக்க வாரம் ஒரு நாள் வர முடியும்னா கணக்கு, இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க, முடியலன்னா பிள்ளைங்ககிட்ட பழகாத வேலையா எடுத்துக்கோங்க. போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டா கோவப்படாதீங்க, தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே அப்ளை பண்ணிக்கலாம், அதைக் கேக்காம யாரை வேணா உள்ள விடுற ஹோம்தான் ஆபத்து.

ஆபீஸ் வேலை தெரிஞ்சவங்களுக்கு அங்க அவ்ளோ வேலை கெடக்கு. டேலி தெரிஞ்சவங்க, ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்குறவங்க மாசம் ஒரு சனிக்கிழமை போய் வவுச்சரை சரி பண்ணிக் குடுத்தா போதும், நேரத்துக்கு ரிட்டர்ன் போடாததால வரி விலக்குப் பதிவு போய், டொனேஷன் நின்ன ட்ரஸ்ட் உண்டு. வக்கீலா இருந்தா கேஸ் எடுங்க. சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமா பெண்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு, ஆனா அது நிறைய பேருக்குத் தெரியாது, கோர்ட் வளாகத்துல அந்த ஆபீஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போக கூட ஒரு ஆள் இருந்தாலே பெரிய தைரியம்.

இன்னொண்ணு, சர்டிஃபிகேட் வேலை. கட்டுன துணியோட வெளிய வந்த அம்மாவுக்கு ஆதார் கையில இருக்காது, பிள்ளைங்க டிசி பழைய ஸ்கூல்ல இருக்கும், ரேஷன் கார்டு புருஷன் வீட்டுல. ஹோம் பொண்ணுங்களுக்கு சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், பேங்க் அக்கவுன்ட். அரசு ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச பொண்ணு காலேஜ் சேர்ந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா, 2022 செப்டம்பர்ல இருந்து வருது, ஆதார்ல இனிஷியல் ஒரு மாதிரியும் மார்க் ஷீட்ல ஒரு மாதிரியும் இருந்தா அங்கயே சிக்கிக்கும். இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ்னு அலையப் பொறுமை உள்ள ரிட்டயர்டு ஆளுங்களுக்கு இதை விட நல்ல வேலை நான் பாத்ததில்ல.

வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கு

இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்து சொந்த சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நிதிக் கணக்குல வராது, பாஸ்போர்ட் காப்பி கேட்டா குடுங்க. ஆனா அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டீங்கன்னா, ஓசிஐ கார்டு இருந்தாலும், நீங்க அனுப்புறது வெளிநாட்டு நிதிதான், எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நிதிச் சட்டத்துல பதிவு உள்ள ட்ரஸ்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம், அதுவும் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்ல அவங்க வச்சிருக்குற அக்கவுன்டுக்கு. ஊர்ல மச்சான் அக்கவுன்டுக்குப் போட்டு அவர் மூலமா குடுக்குற குறுக்கு வழி வேண்டாம், சிக்கல் வந்தா மாட்டுறது ட்ரஸ்ட்.

பதினெட்டு முடிஞ்ச பொண்ணுங்க

சட்டப்படி பதினெட்டு வயசோட ஹோம்ல இருந்து வெளிய வரணும், இருபத்தொண்ணு வரைக்கும் பின்னாடி பாத்துக்க ஏற்பாடு உண்டு, ஆனா அந்த இடங்கள் கம்மி. நம்ம வீட்டுப் பொண்ணை பதினெட்டு வயசுல தனியா வாடகைக்கு வீடு பாருன்னு அனுப்புவோமா? டொனேஷன் குடுக்குறவங்க எல்லாம் சின்னப் பிள்ளைங்களைப் பாத்துத்தான் குடுக்குறாங்க, வளர்ந்த பொண்ணை யாரும் கண்டுக்குறதில்ல, எனக்கு இருக்குற பெரிய வருத்தம் இதுதான். அதனால ட்ரஸ்ட்ல போய் "இந்த வருஷம் பதினெட்டு முடிக்கிறவங்க எத்தனை பேர், அவங்களுக்கு என்ன வேணும்"னு கேளுங்க. ஒருத்திக்கு ஹாஸ்டல் அட்வான்ஸ் வேணும், ஒருத்திக்கு நர்சிங் படிப்புக்கு மூணு வருஷ பஸ் பாஸும் எக்ஸாம் ஃபீஸும், ஒருத்திக்கு முதல் சம்பளம் வர்ற வரைக்கும் ஒரு மாசம் மெஸ் பில். கடை, கிளினிக், சின்ன கம்பெனி வச்சிருக்குறவங்க ஒரு வேலையை ஒதுக்குங்க, சம்பளம் மத்தவங்களுக்கு என்னவோ அதே, அவ ஹோம்ல இருந்து வந்தவன்னு கூட வேலை பாக்குறவங்ககிட்ட சொல்லாம. உங்களால எதுவும் குடுக்க முடியலன்னாலும் லேடீஸ் ஹாஸ்டல் ஃபார்ம்ல உள்ளூர் கார்டியன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல உங்க பேரையும் போன் நம்பரையும் எழுத முடியுமான்னு ட்ரஸ்ட்ல கேட்டுப் பாருங்க, அந்த ஒரு கட்டத்தால அட்மிஷன் நிக்கிற பொண்ணுங்க இருக்காங்க, ராத்திரி காய்ச்சல்னு போன் வந்தா போய் நிக்கத் தயாரா இருக்கணும், அவ்ளோதான்.